ஒரே ஒரு முட்டை!
மருந்து கைகொடுக்காதபோது வழி கண்ட டாக்டர் ஸ்டெப்டோவின் வரலாறு

1977-ம் ஆண்டு நவம்பர் மாதம் 10-ந் தேதி. இங்கிலாந்தின் வட பகுதியில் ராய்ட்டன் என்று ஓர் ஊர். அங்கே ஒரு சின்னஞ் சிறு ஆஸ்பத்திரி. ஆபரேஷன் மேஜையில் ஒரு பெண் மயக்க மருந்தின் உறக்கத்தில் படுத்திருந்தார். அவர் பெயர் லெஸ்லி பிரவுன். கல்யாணமாகிப் பல ஆண்டுகள் கடந்தும் அவர் மடியில் குழந்தை இல்லை.

64 வயது டாக்டர் ஒருவர் அவருடைய தொப்புள் அருகே சிறிதாகக் கீறி, விளக்குப் பொருத்திய மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே செலுத்தினார். அதன் வழியாக உற்றுப் பார்த்தார். அவர் தேடியது ஒரே ஒரு முட்டை. கண்ணுக்குப் புள்ளி போல மட்டுமே தெரியக் கூடிய அளவு சிறிய முட்டை.

அது கிடைத்தது!

இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். அதிசயம் உண்டு. அதற்கு முந்திய பல ஆண்டுகளாக அந்த டாக்டர் ஊசி மருந்து போட்டு, ஒரே சமயத்தில் பல முட்டைகளை எடுத்து வந்தார். ஒரு குழந்தையும் பிறக்கவில்லை. கடைசியில் அந்த மருந்தையே ஒதுக்கி வைத்துவிட்டு, இயற்கை மாதம் ஒரு முறை தரும் ஒற்றை முட்டையை நம்பினார். அந்த முட்டைதான் பின்னர் ஒரு பெண் குழந்தையாகி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது.

அந்த டாக்டரின் பெயர் பாட்ரிக் ஸ்டெப்டோ. அவருடைய வாழ்க்கையைப் பார்ப்போம்.

பிறப்பைப் பதிவு செய்தவரின் மகன்

ஸ்டெப்டோ 1913-ம் ஆண்டு ஜூன் 9-ந் தேதி இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். வளர்ந்தது அருகிலுள்ள விட்னி என்ற சிற்றூரில். வீடு நிறையப் பிள்ளைகள். தகப்பனார் பிறப்பு, இறப்பு, கல்யாணம் ஆகியவற்றைப் பதிவு செய்யும் அதிகாரி. ஊரில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் அவருடைய பேரேட்டில் ஒரு வரி ஏறும். பிள்ளை வரம் கேட்டு ஏங்கிய ஆயிரக் கணக்கானவர்களுக்கு அவருடைய மகன் வழிகாட்டப் போகிறார் என்று அன்று யார் கண்டார்கள்?

சிறுவன் பாட்ரிக்குக்குச் சங்கீதத்தில் பிரியம் அதிகம். பியானோ வாசிப்பதில் கெட்டிக்காரன். ஆனாலும் படித்தது வைத்தியம். லண்டனில் செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த மருத்துவக் கல்லூரியில் பயின்று 1939-ல் டாக்டர் ஆனார். விரல்களுக்கு வாத்தியத்தில் கிடைத்த பழக்கம், பின்னாளில் நுட்பமான கருவிகளைக் கையாள உதவியிருக்கக் கூடும்.

கடலும் சிறையும்

டாக்டர் ஆன அதே ஆண்டில் இரண்டாவது உலக யுத்தம் மூண்டது. ஸ்டெப்டோ கடற்படையில் வைத்தியராகச் சேர்ந்தார். அவர் இருந்த போர்க் கப்பலின் பெயர் ஹியர்வார்டு. 1941-ம் ஆண்டு மே மாதம் கிரீட் தீவின் அருகே எதிரி விமானங்கள் குண்டு வீசி அந்தக் கப்பலை மூழ்கடித்தன. கடலில் தத்தளித்த ஸ்டெப்டோவை இத்தாலியர்கள் சிறைப் பிடித்தார்கள்.

சிறை முகாமிலும் அவர் சும்மா இருக்கவில்லை. தப்பி ஓட முயன்ற கைதிகளுக்கு உதவினார். அதற்குத் தண்டனையாகத் தனிச் சிறையில் அடைத்தார்கள். 1943-ல் இரு தரப்பினரும் கைதிகளை மாற்றிக் கொண்டபோதுதான் அவருக்கு விடுதலை கிடைத்தது. அதே ஆண்டில் ஷீனா என்ற நாடக நடிகையைக் கல்யாணம் செய்து கொண்டார். அவர்களுக்கு ஒரு மகளும் ஒரு மகனும் பிறந்தார்கள்.

பஞ்சாலை ஊரில் டாக்டர்

யுத்தம் முடிந்த பிறகு ஸ்டெப்டோ பெண்களின் நோய்களையும் பிரசவத்தையும் பற்றிய வைத்தியத்தில் தேர்ச்சி பெற்றார். லண்டனில் பெரிய பதவி கிடைக்கவில்லை. 1951-ல் ஓல்டுஹாம் என்ற ஊருக்குப் போனார். அது பஞ்சாலைகள் நிறைந்த தொழிலாளர் ஊர். பெரிய டாக்டர்கள் விரும்பிப் போகும் இடமல்ல. ஸ்டெப்டோ அங்கேயே தங்கிவிட்டார்.

அவரிடம் பலதரப்பட்ட பெண்கள் வந்தார்கள். அவர்களில் குழந்தை இல்லாத பெண்களும் பலர். எந்த நாட்டிலும் இந்தத் துயரம் ஒன்றுதான். பிள்ளை இல்லாவிட்டால் பழி பெரும்பாலும் பெண்ணின் தலையில் விழும். நம் ஊரில் மலடி என்ற ஒரு சொல்லைச் சொல்லியே எத்தனை பெண்களை விசேஷ வீடுகளில் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்! குறை ஆணிடமும் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம் என்பதை வைத்தியம் எப்போதோ சொல்லிவிட்டது. ஊர்தான் கேட்பதில்லை.

ஸ்டெப்டோவிடம் வந்த பெண்கள் பலருக்குக் கருக்குழாய் அடைத்திருந்தது. பெண்ணின் வயிற்றில் கருப்பைக்கு இரு பக்கமும் சினைப்பைகள் இருக்கின்றன. மாதம் ஒரு முறை அவற்றில் ஒரு முட்டை முதிர்ந்து வெளிவரும். அது கருக்குழாய் வழியாகக் கருப்பைக்குப் போகும். வழியில் ஆணின் உயிரணுவோடு சேர்ந்தால் கரு உண்டாகும். குழாயே அடைத்திருந்தால் முட்டையும் உயிரணுவும் சந்திப்பது எப்படி? பாலம் உடைந்த ஆற்றின் இரு கரையிலும் இருவர் நிற்பது போன்ற நிலைதான்.

வயிற்றுக்குள் ஒரு விளக்கு

அந்தக் காலத்தில் வயிற்றின் உள்ளே என்ன குறை என்று பார்க்க வேண்டுமானால் வயிற்றைப் பெரிதாகக் கிழிக்க வேண்டும். ஆறுவதற்கு வாரக் கணக்கில் ஆகும். பார்ப்பதற்காகவே இவ்வளவு வேதனையா என்று ஸ்டெப்டோ எண்ணினார்.

பிரான்சு நாட்டில் ரவூல் பால்மர் என்ற டாக்டர், சிறிய துளை வழியாகக் குழாய் செலுத்தி வயிற்றுக்குள் பார்க்கும் முறையைக் கையாண்டு வந்தார். ஸ்டெப்டோ அவரிடம் சென்று அதைக் கற்றார். லாப்ராஸ்கோப் என்பது அந்தக் கருவியின் பெயர். சூடு இல்லாத வெளிச்சத்தை உள்ளே அனுப்பும் கண்ணாடி இழைகளும் அப்போது வந்துவிட்டன. ஸ்டெப்டோ இதில் வல்லவரானார். 1967-ல் இந்த முறையைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். ஆங்கிலத்தில் அதைப் பற்றி வந்த முன்னோடி நூல் அது.

பெரிய நகரத்து டாக்டர்கள் பலர் இதை மதிக்கவில்லை. பஞ்சாலை ஊரிலிருந்து ஒருவர் வந்து தங்களுக்குப் பாடம் சொல்வதா என்று அலட்சியமாக இருந்தார்கள். இன்று பித்தப்பை ஆபரேஷன் முதல் எத்தனையோ ஆபரேஷன்கள் இந்தச் சிறு துளை முறையில் நடக்கின்றன என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

மூவர் கூட்டணி

கேம்பிரிட்ஜ் நகரில் ராபர்ட் எட்வர்ட்ஸ் என்ற விஞ்ஞானி இருந்தார். மனித முட்டையை உடலுக்கு வெளியே கருவாக்க முடியுமா என்பதே அவருடைய ஆராய்ச்சி. அவர் டாக்டர் அல்ல. முட்டையை எடுத்துத் தரக் கூடிய ஒரு டாக்டர் அவருக்குத் தேவைப்பட்டார். 1968-ல் லண்டனில் நடந்த ஒரு வைத்தியர் கூட்டத்தில் இருவரும் சந்தித்தார்கள். ஸ்டெப்டோவுக்கு அப்போது வயது 55. ஓய்வைப் பற்றி நினைக்கும் வயதில் அவர் புது வேலையைத் தொடங்கினார்.

மூன்றாவதாக ஒரு பெண்மணியும் சேர்ந்தார். ஜீன் பர்டி என்பது அவர் பெயர். நர்ஸ் படிப்பு படித்தவர். வயது 23. முட்டைகளையும் கருக்களையும் பேணிப் பார்த்தவர் அவரே. இந்தச் சாதனையில் அவருடைய பங்கு மற்ற இருவருக்கும் குறைந்ததல்ல.

கேம்பிரிட்ஜ் எங்கே, ஓல்டுஹாம் எங்கே! இடையே 150 மைலுக்கு மேல் தூரம். எட்வர்ட்சும் பர்டியும் பத்து ஆண்டுகள் காரில் போவதும் வருவதுமாக இருந்தார்கள். ஓல்டுஹாமை அடுத்த ராய்ட்டன் ஊரில் டாக்டர் கெர்ஷா பெயரில் இருந்த சிறிய ஆஸ்பத்திரிதான் அவர்களுடைய பணிக்கூடம். ஆஸ்பத்திரி நர்ஸ்கள் பலர் தங்கள் ஓய்வு நேரத்தில் வந்து உதவினார்கள்.

1969-ல் உடலுக்கு வெளியே மனித முட்டை கருவுற்ற செய்தியை இவர்கள் வெளியிட்டார்கள். உடனே எதிர்ப்பும் கிளம்பியது. மத குருமார்கள் கண்டித்தார்கள். நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானிகள் சிலரும் ஆட்சேபித்தார்கள். 1971-ல் பிரிட்டிஷ் அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பண உதவி தர மறுத்துவிட்டது. அமெரிக்காவிலிருந்து ஒரு பெண்மணி தம் பெயரை வெளியிடாமல் பண உதவி செய்தார். வேலை தொடர்ந்தது.

கன்னிமாடத்திலிருந்து வந்த மருந்து

இங்கே அந்த ஊசி மருந்தின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

மாதம் ஒரு முட்டைதான் முதிரும் என்று பார்த்தோம். அதை முதிரச் செய்வது, மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி என்ற சுரப்பி. அது அனுப்பும் ஹார்மோன் என்ற ரசாயனப் பொருளே சினைப்பைக்குக் கட்டளை. அந்த ஹார்மோனை ஊசி மூலம் கூடுதலாகக் கொடுத்தால் பல முட்டைகள் சேர்ந்து முதிரும்.

ஹார்மோனுக்கு எங்கே போவது? 1950-க்குப் பிந்திய ஆண்டுகளில் ஸ்வீடன் நாட்டில், இறந்தவர்களின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து அதை எடுத்தார்கள். அது போதுமான அளவு கிடைக்கவில்லை. பிறகு வேறு வழி கண்டார்கள். மாதவிலக்கு நின்றுபோன பெண்களின் சிறுநீரில் இந்த ஹார்மோன் மிகுதியாக இருக்கிறது. இத்தாலியில் கன்னிமாடங்களில் வாழ்ந்த வயதான கன்னியாஸ்திரீகளின் சிறுநீரைச் சேகரித்து அதிலிருந்து மருந்து தயாரித்தார்கள். தாயாகாத அந்தத் துறவிகளின் உதவியால் எத்தனையோ பெண்கள் தாயானார்கள்! 1962-ல் இஸ்ரேல் நாட்டில் இந்த மருந்தினால் கருவுற்ற ஒரு பெண் முதன்முதலாகக் குழந்தை பெற்றார்.

ஆக, இந்த மருந்தின் கதையே ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழி தேடிய கதைதான்.

கைகொடுக்காத ஊசி

ஸ்டெப்டோவும் இதே மருந்தைக் கொடுத்தார். அதில் இரண்டு லாபம் இருந்தது. பல முட்டைகள் கிடைத்தன. மேலும் கடைசியாகப் போடும் வேறோர் ஊசியால், முட்டை எப்போது முதிரும் என்பதை டாக்டரே முடிவு செய்ய முடிந்தது. ஆபரேஷனை வசதியான நேரத்தில் வைத்துக் கொள்ளலாம்.

முட்டைகள் கிடைத்தன. கண்ணாடித் தட்டில் அவை கருவுற்றன. கரு இரண்டாகவும் நான்காகவும் எட்டாகவும் பிரிந்து வளர்ந்தது. அதைக் கருப்பையில் வைத்தார்கள். அங்கேதான் தோல்வி. கரு தங்கவில்லை. ஒரு பெண்ணுக்கு அல்ல, பெண்ணுக்குப் பின் பெண்ணாக இதே கதை. ஆண்டுகள் ஓடின.

காரணம் என்ன? ஊசி மருந்து சினைப்பையை முடுக்கியபோது, உடலின் மற்றக் கணக்குகளையும் கலைத்துவிட்டது. கரு தங்குவதற்குள் மாதவிலக்கு முன்கூட்டியே வந்துவிட்டது. இதைச் சரிக்கட்ட வேறொரு ஹார்மோன் மருந்தைக் கொடுத்தார்கள். பின்னாளில் அந்த மருந்தே இடையூறாக இருந்திருக்குமோ என்ற சந்தேகமும் எழுந்தது. விதைக்கு நீர் ஊற்றுகிறோம் என்று நிலத்தைச் சேறாக்கிய மாதிரி!

ஒரு முறை கரு தங்கியது. மூவரும் மகிழ்ந்தார்கள். ஆனால் அது கருப்பையில் தங்காமல் கருக்குழாயில் தங்கிவிட்டது. தாயின் உயிருக்கே ஆபத்து. கருவை எடுத்துவிட வேண்டியதாயிற்று. அந்தத் தோல்வியையும் மறைக்காமல் 1976-ல் வைத்திய உலகுக்கு அறிவித்தார்கள்.

மருந்தே வேண்டாம்!

ஸ்டெப்டோவுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் ஓய்வு பெறும் வயது நெருங்கியது. எஞ்சியிருந்த காலம் குறைவு. இந்த நிலையில் மூவரும் ஒரு துணிந்த முடிவுக்கு வந்தார்கள். முட்டையைப் பெருக்கும் மருந்தே வேண்டாம். உடல் தானாகத் தரும் ஒரு முட்டையை எடுப்போம். கருப்பையும் அப்போது இயற்கையான நிலையில் இருக்கும்.

சொல்வது சுலபம். செய்வது மிகக் கடினம். மருந்து கொடுத்தால் நேரத்தை டாக்டர் குறிப்பார். மருந்து இல்லாவிட்டால் உடல் அல்லவா நேரத்தைக் குறிக்கும்? அது இரவா, பகலா, ஞாயிற்றுக் கிழமையா என்று பார்க்குமா?

முட்டை வெளிவருவதற்கு ஏறக்குறைய ஒன்றரை நாள் முன்னால் ஒரு ஹார்மோன் உடலில் திடீரென்று பெருகும். சிறுநீரிலும் அது தெரியும். அதைக் கண்டுபிடிக்கும் ஒரு சோதனைப் பொருள் ஜப்பானிலிருந்து கிடைத்தது. பெண்கள் மூன்று மணிக்கு ஒரு முறை சிறுநீர் கொடுத்தார்கள். இரவும் பகலும் சோதித்தார்கள். ஹார்மோன் ஏறியதும் கணக்குப் போட்டு, முட்டை வெளிவருவதற்குச் சற்று முன்னால் ஆபரேஷன் செய்ய வேண்டும். முந்தினால் முட்டை முதிர்ந்திராது. பிந்தினால் முட்டை போய்விடும். நள்ளிரவு என்றாலும் டாக்டரும் நர்ஸ்களும் எழுந்து வந்தார்கள்.

ஊசி மருந்தின் இடத்தை இங்கே பிடித்துக் கொண்டது மனிதர்களின் கண்விழிப்பு.

நவம்பர் 10-ந் தேதி லெஸ்லி பிரவுனிடமிருந்து எடுத்த முட்டை, கணவரின் உயிரணுவோடு சேர்ந்தது. இரண்டரை நாளில் அது எட்டு அணுக்களாகப் பிரிந்தது. 12-ந் தேதி இரவு, மெல்லிய குழாய் வழியாக அதைக் கருப்பையில் வைத்தார்கள். அதற்கு ஆபரேஷன் தேவைப்படவில்லை. பிறகு காத்திருந்தார்கள்.

கரு தங்கியது! வளர்ந்தது!

நள்ளிரவில் அழுத குழந்தை

செய்தி கசிந்தது. உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் நிருபர்கள் ஓல்டுஹாமில் வந்து குவிந்தார்கள். ஆஸ்பத்திரியில் வெடிகுண்டு வைத்திருப்பதாக யாரோ பொய்த் தகவல் கொடுத்து, நோயாளிகளை வெளியேற்ற வேண்டிய நிலை கூட வந்தது. லெஸ்லிக்கு ரத்த அழுத்தம் ஏறியது. ஸ்டெப்டோ அதிகம் பேருக்குத் தெரியாமல் இரவிலேயே ஆபரேஷன் செய்யத் தீர்மானித்தார்.

1978-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி. இரவு மணி 11-47. வயிற்றைத் திறந்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. எடை சுமார் 2 கிலோ 600 கிராம். குறை எதுவும் இல்லை. குழந்தை நன்றாக அழுதது. லூயிஸ் என்று பெயர் வைத்தார்கள்.

சோதனைக் குழாய்க் குழந்தை என்று பத்திரிகைகள் எழுதின. உண்மையில் குழந்தை வளர்ந்தது சோதனைக் குழாயில் அல்ல, தாயின் வயிற்றில்தான். முதல் இரண்டரை நாள் மட்டுமே வெளியே இருந்தது. 1979 ஜனவரியில் ஸ்காட்லாந்தில் இரண்டாவது குழந்தை பிறந்தது. அது ஆண் குழந்தை. அதுவும் மருந்தில்லாத முறையில் உண்டானதே.

இந்த இரண்டு குழந்தைகளின் பின்னால் இருக்கும் கணக்கையும் மறக்கக் கூடாது. 1969 முதல் 1978 வரை 282 பெண்கள் இந்தச் சிகிச்சைக்கு முன்வந்தார்கள். அவர்களில் கருவுற்றவர்கள் 5 பேர். பிழைத்த குழந்தைகள் 2. அந்த 5 கருவில் 4 கரு, மருந்தை நிறுத்திய பிறகு உண்டானவை. வெறுங்கையோடு வீடு திரும்பிய பெண்களின் பெயர் எந்தச் சரித்திரத்திலும் இல்லை. அவர்கள் தாங்கிய வேதனையின் மேல்தான் இந்த வெற்றி நிற்கிறது.

கல்கத்தாவில் மற்றொரு வழி

அதே சமயத்தில் நம் நாட்டிலும் ஓர் அற்புதம் நடந்தது. லூயிஸ் பிறந்து 70 நாள் கழித்து, 1978-ம் ஆண்டு அக்டோபர் 3-ந் தேதி, கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயரின் முயற்சியால் ஒரு பெண் குழந்தை பிறந்தது.

அவர் எடுத்த வழி நேர் எதிரானது. அவர் மருந்தைக் கைவிடவில்லை. ஊசி போட்டுப் பல முட்டைகளை எடுத்தார். கருவாக்கிய பிறகு அதைக் குளிரில் உறைய வைத்தார். மருந்தின் வேகம் தணிந்து உடல் இயற்கை நிலைக்குத் திரும்பியபின் வேறொரு மாதத்தில் கருவை உள்ளே வைத்தார். ஸ்டெப்டோவை வாட்டிய அதே சிக்கலை அவர் இப்படித் தீர்த்தார். உறைய வைத்த கருவைப் பிறகு பயன்படுத்துவது இன்று உலகமெங்கும் சாதாரணமாகிவிட்டது.

ஆனால் அன்று அவரை யாரும் நம்பவில்லை. மேற்கு வங்காள அரசு அமைத்த குழு அவருடைய சாதனையை ஏற்கவில்லை. வெளிநாட்டு மாநாட்டுக்குப் போகவும் அனுமதி கிடைக்கவில்லை. கண் வைத்திய நிலையத்துக்கு அவரை மாற்றினார்கள். மனம் உடைந்த அவர் 1981-ல் தம் 50-வது வயதில் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டார். அவருடைய குறிப்புகளை டாக்டர் ஆனந்த குமார் என்ற விஞ்ஞானி படித்துப் பார்த்து 1997-ல் உண்மையை எடுத்துச் சொன்ன பிறகே உரிய பெருமை கிடைத்தது. ஸ்டெப்டோவுக்குத் தோள் கொடுக்க இருவர் இருந்தார்கள். முகோபாத்யாயருக்கும் துணைவர்கள் இருந்தார்கள். ஆனாலும் மேலிடத்தின் நம்பிக்கை அவருக்குக் கிடைக்கவில்லை.

பிற்கால வாழ்வு

1978-ல் ஸ்டெப்டோ அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். 1980-ல் மூவரும் கேம்பிரிட்ஜ் அருகே போர்ன் ஹால் என்ற பழைய மாளிகையில் சொந்தமாக ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கினார்கள். 1986-க்குள் அங்கே சிகிச்சை பெற்றவர்களுக்கு ஆயிரம் குழந்தைகள் பிறந்துவிட்டன.

இதற்கிடையில் மருந்தும் திரும்பி வந்தது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் டாக்டர்கள் மருந்தின் அளவையும் வேளையையும் திருத்தி அமைத்து வெற்றி கண்டார்கள். பல முட்டைகள் கிடைத்தால் வாய்ப்பு கூடுகிறது என்பது உறுதியாயிற்று. ஒற்றை முட்டை முறையில் அந்த ஒன்று தவறினால் அந்த மாதமே வீண். எனவே மருந்து முறையே பெருவழக்காயிற்று. சிறுநீரிலிருந்து எடுத்த மருந்து தேவைக்குப் போதாதபோது, 1990-க்குப் பிந்திய ஆண்டுகளில் ஆய்வுக்கூடத்தில் உயிரணுக்களை வளர்த்து அந்த ஹார்மோனை உண்டாக்கும் முறையும் வந்தது.

ஜீன் பர்டி 1985-ல் 39-வது வயதிலேயே காலமானார். ஸ்டெப்டோவை 1987-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினராக்கிக் கௌரவித்தது. 1988-ம் ஆண்டு மார்ச் 21-ந் தேதி அவர் புற்று நோயால் மறைந்தார். வயது 74. எட்வர்ட்சுக்கு 2010-ல் நோபல் பரிசு கிடைத்தது. இறந்தவர்களுக்கு அந்தப் பரிசைத் தருவதில்லை. ஆகையால் ஸ்டெப்டோவும் பர்டியும் அதில் பங்கு பெறவில்லை.

நமக்கு என்ன பாடம்?

இன்றும் சில வேளை குழந்தைப் பேற்றுக்கான ஊசி மருந்து கடையில் இல்லாமல் போகிறது. தயாரிப்பில் தடங்கல் ஏற்படலாம். இறக்குமதி தாமதமாகலாம். விலை கைக்கு எட்டாமல் போகலாம். கடன் வாங்கி, நகையை அடகு வைத்து, நாள் குறித்துக் காத்திருக்கும் தம்பதிகளுக்கு அது இடி விழுந்தது போல் இருக்கும். அவர்கள் ஸ்டெப்டோவின் கதையை நினைத்துக் கொள்ள வேண்டும். ஒரு மருந்து இல்லை என்பதால் எல்லா வழியும் அடைபட்டதாக அர்த்தமில்லை.

டாக்டர்களிடம் இன்று பல மாற்று வழிகள் உண்டு. அதே ஹார்மோனை வேறு கம்பெனியும் தயாரிக்கலாம். ஆய்வுக்கூடத்து மருந்து கிடைக்காவிட்டால் சிறுநீரிலிருந்து எடுத்த மருந்து இருக்கலாம். சிலருக்கு மாத்திரையே போதும். அல்லது மாத்திரையோடு குறைந்த அளவு ஊசி போதும். முட்டையை முதிரச் செய்யும் கடைசி ஊசிக்கும் சிலருக்கு வேறு மருந்து உண்டு. முன்பே உறைய வைத்த கரு இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். அவசரம் இல்லாதவர்கள் ஒரு மாதம் தள்ளி வைக்கலாம். லெஸ்லிக்குச் செய்ததுபோல் மருந்தில்லாத மாதத்தில் ஒற்றை முட்டையை எடுக்கும் முறையும் இருக்கிறது.

ஆனால் எல்லா வழியும் எல்லாருக்கும் பொருந்தாது. மாதவிலக்கு ஒழுங்காக வராதவர்களுக்கு ஒற்றை முட்டை முறை ஏற்றதல்ல. அதில் ஒரு தடவைக்கு வெற்றி வாய்ப்பும் குறைவு. வயது ஏறியவர்கள் தள்ளிப் போட்டால் காலம் வீணாகும். எது தகும் என்பதைப் பரிசோதித்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். மருந்தின் பெயர் ஒத்திருக்கிறது என்று தாமாக மாற்றிக் கொள்ளக் கூடாது. வேறொருவர் மிச்சம் வைத்த ஊசியை வாங்கிப் போடக் கூடாது. இந்த ஊசிகளில் பலவற்றைக் குளிர்ச்சியில் வைத்துக் காக்க வேண்டும். முன்பின் தெரியாதவர் விற்கும் மருந்து கெட்டிருந்தால் பணமும் போகும், உடம்பும் கெடும். சிகிச்சை தொடங்குமுன் முழு மருந்தும் கையில் இருக்கிறதா, இல்லாவிட்டால் என்ன செய்வது என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்து கொள்வது நல்லது. கணவனும் மனைவியும் சேர்ந்து போய்க் கேட்க வேண்டும்.

ராய்ட்டனில் அந்தச் சிறு ஆஸ்பத்திரிக் கட்டிடம் இன்றும் இருக்கிறது. இப்போது அது தீராத நோயாளிகளைப் பேணும் இல்லம். 2015-ல் அங்கே ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். ஸ்டெப்டோ, எட்வர்ட்ஸ் பெயர்களோடு ஜீன் பர்டியின் பெயரும் அதில் இருக்கிறது. லூயிஸுக்கு இப்போது இரண்டு மகன்கள். உடலுக்கு வெளியே கரு உண்டாகிப் பிறந்த குழந்தைகள் உலகத்தில் ஒரு கோடிக்கும் மேல்.

விட்னி ஊரில் ஒரு தகப்பனார் பிறந்த குழந்தைகளின் பெயரைப் பேரேட்டில் எழுதி வந்தார். அந்தப் பேரேட்டில் வரி ஏறாதோ என்று ஏங்கிய வீடுகளுக்காக அவருடைய மகன் உழைத்தார். மருந்து கைகொடுத்தபோது அதைப் பயன்படுத்தினார். கைகொடுக்காதபோது கண்விழித்துக் காத்திருந்தார். கடைசியில் வரி ஏறியது.